தீண்டாமை ஒழிப்புச் சட்டங்கள்: அனுமதியிலிருந்து கடமை வரை

முன்னுரை

சாதியின் பெயரால் மனிதரை மனிதர் ஒதுக்கும் வழக்கத்தை ஒழிக்க இந்தியாவில் சட்டங்கள் பல இயற்றப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வழக்கம் முற்றாக மறையவில்லை. சட்டம் இருந்தும் கொடுமை ஏன் ஓயவில்லை என்னும் வினா இதனால் எழுகின்றது. மக்களின் மனம் மாறாதவரை சட்டத்தால் பயனில்லை என்பர் ஒரு சாரார். தண்டனை போதிய அளவு கடுமையாக இல்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளிலும் உண்மை உண்டெனினும் இரண்டுமே முழுமையானவை அல்ல. சட்டங்களை அவை எழுந்த வரிசையில் வைத்து நோக்கின் வேறொரு செய்தி புலப்படும். ஒவ்வொரு சட்டமும் தனக்கு முந்திய சட்டம் எவ்விடத்தில் தோற்றதோ அவ்விடத்திலிருந்தே தொடங்கியுள்ளது.

முதலில் வந்த சட்டம் 'நீங்கள் இவ்வழியே செல்லலாம்' என்று கூறியது. அடுத்து வந்தது 'அவர்களைத் தடுக்கக் கூடாது' என்றது. பின்னர் வந்தது 'தடுப்பவர் தண்டிக்கப்படுவார்' என்றது. இறுதியாக வந்தது 'தண்டனைக்கு வழிசெய்ய வேண்டிய அதிகாரி கடமை தவறினால் அவரும் தண்டிக்கப்படுவார்' என்றது. அனுமதி, தடை, தண்டனை, கடமை என்னும் இந்நான்கு படிகளையும் தமிழ்நாட்டை முதன்மையாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. சென்னை மாகாணத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினராவர். உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டு நிறுத்தியது. நாடு முழுமைக்குமாகத் தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் வருவதற்கு அப்போது இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. நம் முன்னோர் விட்டுவந்த ஊர்களில் அதன்பின் சட்டம் எவ்வாறு நுழைந்தது என்பதை அறிவது நம் வரலாற்றையும் அறிவதாகும்.

1. அனுமதி

ஆங்கிலேயர் ஆட்சியில் 1850-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் என்னும் பெயரைப் பெற்றுள்ளது. பெயரைக் கொண்டு இது தீண்டாமையை நீக்க வந்தது என எண்ணிவிடலாகாது. மதம் மாறியவரும் சாதியிலிருந்து விலக்கப்பட்டவரும் தம் சொத்துரிமையை இழக்கக் கூடாது என்பதே அதன் சாரம். சொத்தே இல்லாத பண்ணையாளுக்கு அதனால் விளைந்த பயன் ஏதுமில்லை. அதற்கு முன்னரே, 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்ற ஏற்பு இல்லாமல் செய்திருந்தது. எனினும் கடனாலும் குடியிருப்பு மனையாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாள் முறை தஞ்சைப் பகுதியில் நீண்ட காலம் தொடர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோரின் குரல் ஒலிக்கலாயிற்று. சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924-ஆம் ஆண்டு கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை யாவரும் பயன்படுத்தலாம் என உறுதிப்படுத்தியது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் அதற்கு முந்திய ஆண்டே இத்தகைய தீர்மானம் நிறைவேறியிருந்தது.

இத்தகைய அனுமதியின் வலுவும் வலுவின்மையும் மராட்டியப் பகுதியிலுள்ள மகாடு என்னும் ஊரில் வெளிப்பட்டன. அவ்வூர் நகராட்சி சௌதார் குளத்தை யாவருக்கும் திறந்துவிடுவதாக 1924-இல் முடிவு செய்தது. ஆனால் மூன்றாண்டுகள் ஒருவரும் அக்குளத்து நீரைத் தொட முடியவில்லை. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று நீரருந்தினர். உடனே அவர்கள் தாக்கப்பட்டனர், குளம் 'தீட்டுக்கழிக்கப்பட்டது', நகராட்சியும் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று, 1937-ஆம் ஆண்டிலேயே மக்களுக்குச் சார்பாக முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்தாண்டுக் கால வழக்கு தேவைப்பட்டது. அனுமதி தாளில் இருந்தது. தடுத்தவருக்குத் தண்டனை இல்லை.

சென்னை மாகாணத்தில் எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938-ஆம் ஆண்டு குடியியல் குறைபாடுகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அதே ஆண்டில் வந்த சட்டத்தின் பெயர் ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் காப்புறுதிச் சட்டம் என்பதாகும். கோயிலைத் திறந்துவிட்டவர்கள் மீதே வழக்குத் தொடுக்கப்படக்கூடும் என்னும் நிலையிருந்தது. அவர்களைக் காப்பதற்காகவே 'காப்புறுதி' என்னும் சொல் அப்பெயரில் இடம்பெற்றது. கதவைத் திறந்தவருக்கே சட்டத்தின் துணை தேவைப்பட்ட காலம் அது.

2. தடை

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு அவையில் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் தீண்டாமை ஒழிப்பு விதி ஏற்கப்பட்டது. இதுவே இன்றைய 17-ஆம் விதியாகும். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எவ்வடிவிலும் அதனைக் கைக்கொள்ளுதல் தடைசெய்யப்பட்டது, அதன் அடிப்படையில் ஒருவர் மீது இயலாமையைச் சுமத்துதல் தண்டனைக்குரிய குற்றம் என்று அவ்விதி கூறுகின்றது.

இவ்விதியின் தனித்தன்மை இரண்டு வகையில் நோக்கத்தக்கது. அடிப்படை உரிமைகளுட் பெரும்பாலானவை அரசினைக் கட்டுப்படுத்துவன. இவ்விதியோ தனிமனிதரையும் கட்டுப்படுத்துகின்றது. தேநீர்க் கடைக்காரரும் நிலக்கிழாரும் அண்டை வீட்டாரும் இதற்குள் அடங்குவர். அடுத்து, இவ்விதியில் 'தீண்டாமை' என்னும் சொல்லுக்கு வரையறை தரப்படவில்லை. அச்சொல் மேற்கோள் குறிக்குள்ளேயே நிற்கின்றது. 1958-ஆம் ஆண்டு மைசூர் உயர்நீதிமன்றம் இதற்கு விளக்கம் அளித்தது. சொல்லின் நேர்ப்பொருளை விடுத்து, இந்நாட்டில் வரலாற்று வழியாக வளர்ந்துவந்த வழக்கத்தையே இது குறிக்கும் என்பது அவ்விளக்கம். நோயாளியிடமிருந்து விலகி நிற்றல் முதலிய பிற விலக்கங்கள் இதனுள் அடங்கா என்பது இதனால் தெளிவாயிற்று.

அரசியலமைப்பு தீண்டாமையைக் குற்றம் என அறிவித்ததேயன்றி அதற்குரிய தண்டனையைத் தானே வகுக்கவில்லை. அப்பணியை 35-ஆம் விதி நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தது.

3. தண்டனை

நாடாளுமன்றம் இயற்றிய தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் 1955-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோயில், கடை, உணவகம், கிணறு, மருத்துவமனை, கல்விக்கூடம் ஆகியவற்றில் தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தடுப்பது இதன்வழிக் குற்றமாயிற்று. ஆறு மாதம் வரையிலான சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் வரையிலான தண்டம் அல்லது இரண்டும் இதற்குரிய தண்டனை.

இச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு சிறப்பானது. தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், அத்தடை தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் கொள்ள வேண்டும். அவ்வாறன்று எனக் காட்டும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. ஒருவரின் உள்ளத்தில் இருந்த காரணத்தை ஏழை ஒருவர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க இயலாது என்பதைச் சட்டம் இங்கு உணர்ந்திருந்தது. இக்கருத்தை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இது மீண்டும் எழும்.

ஆயினும் இச்சட்டத்தில் இரு குறைகள் இருந்தன. தண்டத்தொகை மட்டும் கட்டி விடுபட வழியிருந்தது ஒன்று. இருதரப்பாரும் உடன்பட்டு வழக்கை முடித்துக்கொள்ள இடமிருந்தது மற்றொன்று. ஒருவர் நிலத்தில் மற்றவர் கூலி வேலை செய்யும் ஊரில் உடன்பாடு என்பது எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழகத்தைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைக்கப்பட்ட குழு நாடு முழுவதும் ஆராய்ந்து 1969-இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1976-ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சிறைத்தண்டனை கட்டாயமாக்கப்பட்டது, உடன்பட்டு முடித்துக்கொள்ளும் வழி அடைக்கப்பட்டது, வேண்டுமென்றே புலனாய்வைப் புறக்கணிக்கும் அரசு ஊழியர் குற்றத்திற்கு உடந்தையானவராகக் கருதப்பட்டார்.

4. வன்கொடுமை என்னும் புதுச்சொல்

1955-ஆம் ஆண்டுச் சட்டம் கதவடைப்பை எதிர்க்க வந்தது. கதவைத் தட்டியவரைத் தாக்கும் வன்முறையை அது கருதவில்லை. 1968-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாவர். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளரைத் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருஞ்செல்வர்கள் தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பதை நம்புவதற்கில்லை என்னும் பொருளில் அத்தீர்ப்பு கருத்துரைத்தது.

தீண்டாமைச் சட்டத்தால் இந்நிகழ்ச்சியைத் தொட இயலவில்லை. ஒருவர் கடைக்குள் விடப்படாததைக் குற்றமெனக் காணும் சட்டம், கூலி கேட்ட சேரி எரிக்கப்பட்டபோது அதனைப் பொதுவான கொலைக் குற்றமாக மட்டுமே கண்டது. பொருளாதாரத்தில் நிமிர முயலும்போதே சாதி வன்முறையாக வெளிப்படுகின்றது என்பதை உணர்ந்த பின்னரே புதிய சட்டமொன்று வேண்டப்பட்டது.

அதுவே பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989. இது 1990-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இதற்கான விதிகள் 1995-இல் வகுக்கப்பட்டன. உண்ணத் தகாதவற்றை உண்ணச் செய்தல், நிலத்தைப் பறித்தல், கொத்தடிமையாக்குதல், வாக்களிக்கவிடாமல் தடுத்தல், பொய் வழக்குத் தொடுத்தல், பிறர் காணும் இடத்தில் இழிவுபடுத்துதல், குடிநீரைக் கெடுத்தல் முதலியன வன்கொடுமைகளாகப் பட்டியலிடப்பட்டன. இப்பட்டியலைப் படிக்கும் ஒருவர் இந்திய ஊரகத்தின் வாழ்க்கையையே அதில் காணலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்பிணை பெற இயலாது என்பதும், காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும் என்பதும் இதன் முக்கிய ஏற்பாடுகளாகும்.

5. 'காரணத்தால்', 'அறிந்தே': இரு சொற்களின் வேறுபாடு

1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் போன்றதோர் அனுமானம் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு வாழ்நாள் சிறை விதிக்கும் பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்னும் 'காரணத்தால்' குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்றது. இவ்வொரு சொல் பல வழக்குகளின் போக்கை மாற்றியது.

மராட்டிய மாநிலம் பண்டாரா மாவட்டத்துக் கைர்லாஞ்சி என்னும் சிற்றூரில் 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தலித்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த நால்வர் ஊராரால் கொல்லப்பட்டனர். கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் 2008-இல் விசாரணை நீதிமன்றமும் 2010-இல் பம்பாய் உயர்நீதிமன்றமும் வன்கொடுமைச் சட்டம் இதற்குப் பொருந்தாது எனக் கூறின. பழிவாங்கும் எண்ணமே கொலைக்குக் காரணம் என்பது நீதிமன்றங்களின் கருத்து. பகை வேறு, சாதி வேறு எனப் பிரித்துக் காட்டுமாறு சட்டத்தின் சொல் அமைந்திருந்தது. நிலத்தகராறும் கூலித்தகராறும் காதலும் தேர்தலும் சாதியோடு பின்னிக் கிடக்கும் சமுதாயத்தில் தூய சாதிக் காரணம் என ஒன்றைத் தனித்தெடுத்துக் காட்டுவது அரிது.

2015-இல் இயற்றப்பட்டு 2016-ஆம் ஆண்டு சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இக்குறையைக் களைந்தது. 'காரணத்தால்' என்பது நீக்கப்பட்டு, பட்டியல் சாதியினர் என 'அறிந்தே' குற்றம் செய்தல் போதும் என ஆக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரையோ அவர்தம் குடும்பத்தாரையோ முன்பே அறிந்தவர் எனில், சாதியையும் அறிந்தவர் என்றே நீதிமன்றம் கொள்ளும். ஓரூரில் வாழ்வோர் ஒருவர் சாதியை மற்றவர் அறியாதிருத்தல் அரிது என்பதை நாம் அறிவோம். சட்டம் அதனை ஏற்க இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தலையை மழித்தல், மீசையை மழித்தல், செருப்பு மாலை அணிவித்தல், ஊர்விலக்கம் செய்தல் ஆகியனவும் இத்திருத்தத்தால் குற்றப்பட்டியலில் சேர்ந்தன.

6. கடமை

சட்டம் எத்துணைக் கூர்மையாயினும் காவல் நிலையத்து மேசையில்தான் அது உயிர்பெறுகின்றது. முதல் தகவல் அறிக்கை எழுதப்படாவிடில் வழக்கு இல்லை. சாதிப் பிரிவு குறிக்கப்படாவிடில் சிறப்புச் சட்டம் இல்லை. எனவே நான்காம் படியாகச் சட்டம் அதிகாரியை நோக்கித் திரும்பியது.

1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதித்தது. எனினும் கடமை யாது என்பது அதில் விரித்துரைக்கப்படவில்லை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை விரித்துரைத்தது. முறையீட்டாளர் வாய்மொழியாகக் கூறியதை எழுதியபின் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் படியினை அவருக்குத் தர வேண்டும். அறுபது நாள்களுள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். எழுத்தறியாத ஒருவர் கூறியது ஒன்றும் தாளில் ஏறியது வேறொன்றுமாக இருந்த பட்டறிவிலிருந்தே 'படித்துக் காட்ட வேண்டும்' என்னும் ஏற்பாடு பிறந்தது எனலாம். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளுக்கெனத் தனி இயலும் சேர்க்கப்பட்டது. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறையேனும் கூட வேண்டும்.

இக்கடமைக்குத் தளர்வு ஏற்பட்டபோது எழுந்த எதிர்ப்பும் இதன் இன்றியமையாமையைக் காட்டுகின்றது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் உச்சநீதிமன்றம், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படலாம் எனக் கருதி, கைதுக்கு முன் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றும் முதனிலை விசாரணை நடத்தலாம் என்றும் பணித்தது. நாடெங்கும் போராட்டம் வெடித்தது. ஏப்ரல் 2-ஆம் நாள் முழு அடைப்பின்போது உயிரிழப்புகளும் நேர்ந்தன. அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் நாடாளுமன்றம் 18அ என்னும் பிரிவைச் சேர்த்துப் பழைய நிலையை மீட்டது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் உச்சநீதிமன்றமே தன் பணிப்புகளைத் திரும்பப் பெற்றது. பொய் வழக்கு மனிதக் குறைபாட்டால் நேர்வது; அதனை ஒரு சாதியாரின் இயல்பாகக் கருதலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் 18அ பிரிவு செல்லும் எனவும் தீர்ப்பாயிற்று.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 2021-இல் 50,900, 2022-இல் 57,582. இவ்வெண்களைக் கொண்டு கொடுமை பெருகிவிட்டது என்றோ, பதிவு செய்யும் வழக்கம் பெருகியது என்றோ உடனே முடிவு செய்ய இயலாது. பதிவாகாத குற்றம் எண்ணிக்கையில் வருவதில்லை. எண்ணிக்கை குறைந்த மாவட்டம் அமைதியானதாகவும் இருக்கலாம். அச்சம் நிறைந்ததாகவும் இருக்கலாம்.

7. சட்டம் எட்டாத இடங்கள்

இந்நான்கு படிகளுக்குப் பின்னும் சில இடைவெளிகள் உள்ளன. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவம், இசுலாம் தழுவிய தலித்துகள் இன்றளவும் அதன் புறத்தே உள்ளனர். ஆகவே ஒரே தெருவில் வாழும் இரு உறவினர் ஒரே இழிவுக்கு ஆளாகும்போது ஒருவருக்கு இச்சட்டம் உண்டு; மற்றவருக்கு இல்லை. அவ்வாறே, வெளியார் எவரும் இல்லாத நான்கு சுவர்களுக்குள் சொல்லப்படும் இழிசொல் இச்சட்டத்தின்படிக் குற்றமாகாது என 2020-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் விளக்கியது.

அரசின் விதிகளுக்குள்ளேயே சாதி ஒளிந்திருந்ததும் உண்டு. சாதியடிப்படையில் சிறைக்கைதிகளுக்கு வேலை பகிர்ந்தளிக்கும் மாநிலச் சிறை விதிகளை 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள்தான் உச்சநீதிமன்றம் செல்லாதனவாக்கியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த தீர்ப்பு இது.

ஆயினும் சட்டத்தோடு ஆட்சியின் உறுதியும் சேரும்போது விளைவு உண்டு என்பதற்கும் தமிழகத்தில் சான்றுகள் உள்ளன. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் 1996-ஆம் ஆண்டில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்குத் தலைவர்கள் நிலைத்துப் பணியாற்ற இயலவில்லை. அதே மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசன் 1997-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் தம்முடன் வந்தோருடன் படுகொலை செய்யப்பட்டார். 2006-ஆம் ஆண்டில் அரசு நிருவாகம் ஊராரோடு தொடர்ந்து பேசி முனைந்து நின்றதால் அம்மூன்று ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தேறியது. 2008-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் உத்தபுரத்தில் தலித்துக் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி அரசால் இடிக்கப்பட்டுப் பாதை திறக்கப்பட்டது. இவற்றிற்காகப் புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. இருந்த சட்டமே செயற்படுத்தப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. தண்டனை கிடைக்கும் என்னும் அச்சமில்லாதவிடத்து மகாட்டுக் குளத்தின் அனுமதி வெறுந்தாளாயிற்று. தண்டனை மட்டும் இருந்தவிடத்து உடன்பாடு என்னும் பெயரால் வழக்குகள் மறைந்தன. வன்முறைக்கெனச் சட்டம் வந்தபின் 'காரணத்தால்' என்னும் ஒரு சொல் அதன் கூரை மழுக்கியது. சொல் திருத்தப்பட்டபின் காவல் நிலையத்தின் வாயில் எஞ்சி நின்றது. ஒவ்வொரு முறையும் சட்டம் ஓரடி முன்னேறியது பாதிக்கப்பட்ட மக்கள் தாம் கண்ட தடையைச் சான்றோடு எடுத்துக்காட்டியதனாலேயே ஆகும்.

மனமாற்றம் வரும்வரை சட்டம் காத்திருக்க வேண்டும் என்பது பாதிக்கப்பட்டவரைக் காத்திருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். கதவு திறந்தபின் பழகிய மக்களே மனமும் மாறியுள்ளனர். மதுரைக் கோயிலுக்குள் இன்று செல்வோர் யார் எச்சாதியினர் என எவரும் வாயிலில் வினவுவதில்லை. எனவே இன்று நாம் எழுப்ப வேண்டிய வினா, இன்னும் ஒரு சட்டம் வேண்டுமா என்பதோடு முடிவதில்லை. முறையீட்டுடன் காவல் நிலையத்திற்குச் செல்லும் ஒருவர் கூறியது உள்ளவாறு எழுதப்பட்டதா, அவருக்குப் படித்துக் காட்டப்பட்டதா, அதன் படி அவர் கையில் தரப்பட்டதா என்பனவே அவ்வினாக்கள். சட்டத்தின் நான்காம் படி அவ்வினாக்களுக்கான விடையில்தான் நிற்கின்றது.